சாக்குக்கடை வீரபாண்டியின் பாதிக் கணக்கு

பஷீர் ராவுத்தருக்கு வீரபாண்டி தர வேண்டியிருந்த கடன் ஆயிரத்து இருநூறு ரூபாய். எழுபத்தைந்தாம் வருஷத்துக் கடன். சாக்கைக் குடைந்து உட்புறத்தை வெளியே இழுத்து, ஓங்கி உதறி, புழுதி அடங்குவதற்குள் வீரபாண்டி இந்தப் பேச்சைத் தொடங்கிவிடுவார். போன மழைக்காலம் வரை அதுதான் வழக்கம். எதிரே இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டாலும் விடமாட்டார். "ஆயிரத்து எறநூறுய்யா! அன்னைக்கு அந்தக் காசுக்கு எங்க உசிலம்பட்டிச் சந்தையில சோடி மாடு புடிக்கலாம். அதுல பாதி நான் குடுத்தது. சொந்த வேர்வை. மத்தப் பாதியத்தான் எவனோ..." இந்த இடத்தில் கோணி ஊசி சாக்கில் குத்தி நின்றுவிடும்.

கொச்சி மட்டாஞ்சேரி பசார் ரோட்டில் காலிச் சாக்கு என்றால் வீரபாண்டிதான். மிளகு பண்டகசாலைக்காரரும் வருவார், கொப்பரை வியாபாரியும் வருவார். தலைச்சுமைக் கூலியாக வந்து இறங்கிய ஆள், இன்று சொந்தக் கடை, சொந்தக் கைவண்டி, இரண்டு தையல் ஆட்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆனால் ஒரு கட்டுச் சாக்கைக் காலால் உதைத்தே எத்தனை தேறும், எத்தனை கிழிசல் என்று சொல்லிவிடுவார். உழைத்து மேலே வந்தவனுக்குக் கொஞ்சம் வாய் நீளமாகத்தான் இருக்கும். அதில் குற்றமில்லை. ஒட்டுப் போட்ட சாக்கைத் தூக்கிக் காட்டி, "எங்க, கிழிசல் எதுன்னு கண்டுபிடி, கடையையே எழுதித் தாரேன்" என்பார். இதுவரை எவருக்கும் எழுதித் தர நேரவில்லை.

யாரிடமும் எதையும் சும்மா வாங்கமாட்டார். சாயாக்கடையில் கிளாஸ் கைக்கு வருமுன் காசு பலகைமேல் விழுந்துவிடும். தோப்பும்படி பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது முந்திக்கொண்டு டிக்கெட் எடுத்துவிட்டால் அன்று முழுவதும் முகம் கடுகடுவென்றிருக்கும். அந்த ஆளைத் தேடிப்போய்ச் சில்லறையைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்தால்தான் தூக்கம். கிறிஸ்துமஸுக்கு மனைவி போகும் சபையில் கொடுத்த கேக் துண்டுக்கும் காணிக்கைத் தட்டில் நாலணா போட்டவர். "திங்கிறதுக்கு வெலை போட்டாச்சு, இனி செரிக்கும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லவும் செய்தார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் அந்தக் கடன் விழுந்தது. ராவுத்தரிடம் சாக்குக் கட்டுகளைத் தவணைக்கு எடுத்துக் காயலோரச் சரக்குக் கிட்டங்கியில் அடுக்கியிருந்தார். மழையில் தண்ணீர் ஏறி, அடியிலிருந்து முடிவரை அவ்வளவும் அழுகிவிட்டது. கெடு நாளுக்குள் தராவிட்டால் கடைச்சாவி ராவுத்தர் கைக்குப் போகும். வீரபாண்டி மறுபடி மூட்டை தூக்கப் போவார். கண்ட இடத்திலெல்லாம் வேலை செய்து அறுநூறு சேர்த்தார். கெடு நாளன்று அதை மடியில் கட்டிக்கொண்டு, மீதிக்குத் தவணை கேட்கப் போனார். ராவுத்தர் பாலக்காட்டுத் தமிழர். ஆனால் கொச்சியில் இருந்து இருந்து நாக்கு பாதி மலையாளமாகிவிட்டவர். சாய்வு நாற்காலியிலிருந்து நிமிராமலே சொன்னார்:

"உன் கணக்கு தீந்து போச்சுடோ. ஒரு ஆளு வந்து வெறுதே வீட்டிட்டுப் போயாச்சு. முழுசும்."

வீட்டுதல் என்றால் கடனைத் தீர்ப்பது என்று வீரபாண்டிக்குத் தெரியும். வெறுதே என்ற சொல்லும் தெரியாததல்ல. மலையாளத்தில் சும்மா, பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் என்று பொருள். தெருவில் அவரே ஆயிரம் தடவை சொன்ன சொல்தான். ஆனால் மானம் கொதிக்கும்போது காது தாய்மொழியில்தான் கேட்கிறது. வெறுத்தே வீட்டினான் என்று அவர் காதில் விழுந்தது. தன்னை வெறுத்த எவனோ, காலமெல்லாம் தலைகுனிந்து நடக்கட்டும் என்று பணத்தை விட்டெறிந்திருக்கிறான். கடையிலிருந்த ஆட்கள் வேறு எதற்கோ சிரித்தார்கள். போதாதா?

"யாரவன்? பேரச் சொல்லுங்க!"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கு."

மடியிலிருந்த அறுநூறை மேசைமேல் வீசியடித்தார். "பாதி நான் குடுத்தாச்சு. அவன் காசுல பாதியத் திருப்பி அவன் மூஞ்சியில எறிங்க!" என்று கத்திவிட்டு இறங்கிவிட்டார்.

அந்த ஆள் பாதியைத் திருப்பி வாங்கவில்லை. ராவுத்தருக்கோ வேறு தொல்லை. தீர்ந்த கடனுக்கு இரண்டாவது தடவை காசு வாங்குவது அவர் மார்க்கத்தில் ஹராம். அறுநூறையும் தனியே முடிந்து இரும்புப் பெட்டியில் வைத்து, பெருநாள்தோறும் ஆள் அனுப்புவார்: "வந்து கொண்டுபோகச் சொல்லு. என் பெட்டியில நெருப்பு கிடக்குது." வந்த ஆளை வீரபாண்டி வாசலோடு திருப்பி விடுவார். அடுத்த வருஷமே மீதி அறுநூறையும் சம்பாதித்துக்கொண்டு போய் நின்றார், ராவுத்தர் தொடவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. மிளகுச் சாக்கு எடுக்க வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாகத்தான்.

இதற்கு நடுவில் ஒச்சம்மாள் விசுவாசியானாள். வீரபாண்டியின் மனைவி. சுக்குக் கிட்டங்கி மாடியில் ஞாயிறுதோறும் தமிழாட்கள் கூடும் சபை. நடத்துகிறவர் செல்லதுரை, நாகர்கோவில் பக்கத்து மனிதர், வாரநாளில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவார். மனைவியைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற வீரபாண்டி, மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். பிறகு மழையில்லாத நாளிலும் வந்தார். கேட்டதற்கெல்லாம் மறுகேள்வி போட்டார். மறுபடியும் பிறக்க வேண்டும் என்றால், "ஒருக்கப் பொறந்து பட்டதே போதும்யா" என்றார். ஆண்டவர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வருவார் என்றதும், "அப்பக் கடைச்சாவிய யாருகிட்டக் குடுக்கிறது?" என்றார். ஆனால் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. மனுஷரெல்லாம் பாவிகள் என்பதில் மட்டும் அவருக்கு ஒருநாளும் தகராறில்லை. "மட்டாஞ்சேரியிலேயே பெரிய பாவி நான்தான், எழுதிக்கங்க" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். அதிலும் இரண்டாம் இடம் அவருக்குப் பிடிக்காது.

ஞானஸ்நானம் கும்பளங்கிக் காயலில் என்று முடிவாயிற்று. ஒச்சம்மாள் அவருக்கு வெள்ளை வேட்டி எடுத்து நீலம் போட்டு வைத்தாள். அதற்கு முந்தின ஞாயிறு, முறைப்படி சபை நடுவே நிறுத்திக் கேள்வி கேட்டார் செல்லதுரை.

"அண்ணாச்சி, நீரு பாவின்னு ஒத்துக்கிடுதீரா?"

"அதான் சொன்னேனே."

"உம்ம பாவக் கடனைச் சிலுவையில தீர்த்தது யாரு?"

"ஏசுசாமி."

"எவ்வளவு தீர்த்தாரு?"

வீரபாண்டி யோசித்தார். மனசறிந்து பொய் சொல்லத் தெரியாதவர். "பாதி," என்றார்.

சபையில் விசிறிச் சத்தம்கூட நின்றுபோயிற்று. ஒச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மீதி?"

"மீதிக்குத்தான் நான் இருக்கேன்ல? எவன் குடியும் கெடுத்ததில்ல. எண்ணிக்கையில கை வச்சதில்ல. அம்புட்டுப் பாரத்தையும் அவரு ஒருத்தர் மேலயே ஏத்துனா நாயமாய்யா? நான் மூட்டை தூக்கினவன். ரெண்டு பேரு சேந்து புடிச்சாத்தான் தோளுக்கு ஏறும்."

"பாதிக்குப் பாதின்னா, நான் உம்ம இடுப்பு மட்டுக்கும்தான் முக்க முடியும் ஓய்," என்றார் செல்லதுரை. சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாம செய்த நல்லதுக்குக் கூலியா ரட்சிப்பு கிடைக்காது. முழுசும் அவரு குடுத்தாச்சு. நமக்குள்ள வேலை அதை வாங்கிக்கிடுதது மட்டும்தான். அது உம்மால முடியாதுன்னா, தண்ணியில இறக்கி என்ன பிரயோசனம்?"

வீரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் ஒச்சம்மாள் கேட்டாள். "ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் வாங்காமத்தான் வாழ்ந்தீகளாக்கும்? நித்தம் ஏங் கையில சோறு வாங்கித் திங்கலையா?"

அவர் சாப்பிட்டு எழுந்தார். எழும்போது மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து வட்டில் பக்கத்தில் வைத்தார்.

ஒச்சம்மாள் அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துப்போய் வாசலில் நின்று தெருவில் வீசினாள். உருண்டு ஓடையில் விழுந்த சத்தம் உள்ளே கேட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சில்லை. சோறு வரும், குழம்பு வரும். வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். கும்பளங்கிக்கு மற்றவர்கள் போய் முழுகி வந்தார்கள். நீலம் போட்ட வேட்டி மடித்தபடியே கிடந்தது. தையல் ஆட்கள் தங்களுக்குள் பேசவும் பயந்தார்கள். தைத்த சாக்கையே பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார் வீரபாண்டி. கை ஓடவில்லை, ஊசி இரண்டு தடவை விரலில் ஏறிவிட்டது.

அதற்கும் அடுத்த ஞாயிறு தோப்பும்படியிலிருந்து ஒரு மலையாள உபதேசியார் வந்திருந்தார். அவர் ஒரு வரி சொல்ல, செல்லதுரை அதைத் தமிழில் சொல்வார். ஒச்சம்மாளைக் கூட்டிப்போக வந்த வீரபாண்டி, உள்ளே வராமல் படியிலேயே குடையோடு நின்றார். உபதேசியார் குரல் மாடி முழுக்க அதிர்ந்தது: "நம்முடெ கடம் அவன் வெறுதே வீட்டி!"

குடை கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. செல்லதுரை தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் வீரபாண்டி சபை நடுவில் நின்றார். முகத்தைப் பார்த்தவர்கள் அடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்துவிட்டார்கள்.

"அந்த வார்த்தையத் திருப்பிச் சொல்லச் சொல்லு."

"எந்த வார்த்தை அண்ணாச்சி?"

"வெறுதே."

"வெறுதேன்னா சும்மா. ஒண்ணும் வாங்காம. உமக்குத் தெரியாததா?"

"வெறுத்துப்போயின்னு இல்லையே?"

"என்னவே இது! வெறுத்தவன் எவனாவது அடுத்தவன் கடனைத் தீர்ப்பானா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீரபாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். வெறுத்துக் கொடுத்தவன் என்றால் பதிலுக்குத் தானும் வெறுத்துக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வெறுதே கொடுத்தவனுக்கு எதைக் கொண்டு நேர் செய்வது? ஒச்சம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பின் சந்தைச் சுற்றாமல் நேராகப் பசார் ரோடு வழியாக ராவுத்தர் கடைக்குப் போனார். ராவுத்தருக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கால்விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தவர், ஆளைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கடையாட்கள் இருவர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

"எந்தாடோ, சண்டைக்கா?"

"அன்னைக்கு நீங்க சொன்னது வெறுதேன்னா?"

"பின்னே?"

"வெறுத்துன்னு நெனச்சுட்டேன்."

ராவுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். "எடோ மடையா, உன்னை வெறுக்கிறவன் ஆயிரத்து எறநூறு ரூபா செலவாக்குமோ? ஓசியில திட்டிட்டுப் போகமாட்டானா?"

வீரபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆளின் பேரைக் கேட்க வாய் வந்தது. உதடு அசைந்ததை ராவுத்தரும் பார்த்தார். ஆனால் வீரபாண்டி கேட்கவில்லை. கேட்டால் நாளைக்கே பணத்தோடு அவன் வாசலில் போய் நிற்பார். அது அவருக்கே தெரியும்.

"அந்த அறுநூற எடுங்க," என்றார்.

ராவுத்தர் சாவிக்கொத்தைத் தடவி எடுத்துப் பெட்டியைத் திறந்தார். முடிச்சு கெட்டிப்பட்டு, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. பத்து ரூபாய் நோட்டுகள். காயலோரத்து ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"இப்படி வச்சிருங்க," என்று வீரபாண்டி மேசையைக் காட்டினார்.

"வைக்கமாட்டேன். மேசையில வச்சா விட்டுட்டு ஓடிருவே. நீட்டு."

நீட்டுவதற்கு நேரமாயிற்று. உள்ளங்கையைக் கைலியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். கை நீள மறுத்ததுபோல நின்றார். கடையாட்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பிறகு கை வந்தது, மல்லாந்து, ஊசி குத்திக் காய்த்த விரல்களோடு.

ராவுத்தர் கட்டைவிரலை நாக்கில் நனைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து எண்ணி வைத்தார். நோட்டு சரிந்தபோது தன் இடக்கையை வீரபாண்டியின் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு எண்ணினார். "அறுநூறு," என்று முடித்த பிறகும் வீரபாண்டி கையை மூடவில்லை, வாங்கப் பழகுகிறவர்போல நீட்டியபடியே நின்றார்.