ஊசி வேண்டாம் என்ற செல்வராணி அக்கா

செல்வராணி அக்கா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, என் பஸ் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றிருந்தது. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் தாம்பரத்தில் இறங்க மறந்து குரோம்பேட்டை வரை போய்விட்டேன்.

தாம்பரத்தில் நாங்கள் வேலை செய்யும் தனியார் மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலியர் அவர். நான் அங்கே நோய்த்தொற்றுத் தடுப்புச் செவிலியர். நான் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவருக்கு ஊசி குத்த ரத்தக்குழாய் கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தோம். அக்கா வந்து, பெரியவரின் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தபடியே வேலையை முடித்துவிட்டார். பெரியவரோ, "எப்பம்மா குத்துவ?" என்று கேட்டார்.

கொரோனாக் காலத்தில் வீட்டுக்கே போகாமல் அந்தப் பிரிவை நடத்தியவர். அதனால் அவர் சொல்தான் அங்கே வேதவாக்கு.

மழைக்காலத்துக்கு முன் ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுவது என் பொறுப்பு. அக்கா மட்டும் கையை நீட்ட மாட்டார். "பேஷண்ட் தும்மலை வாங்கி வாங்கியே என் உடம்பு பழகிடுச்சும்மா" என்று சிரிப்பார். அவர் போடாததால் அவருக்குக் கீழே இருந்த பெண்களும் போடவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த நம் நோயாளிகளுக்காகவாவது போடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். மருந்து குளிர்பெட்டியிலேயே கிடந்தது.

இந்த மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பிரிவில் ஆள் பற்றாக்குறை. வெறும் சளிதான் என்று சொல்லி, முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு வேலைக்கு வந்தார். சில நாளில், மறைமலை நகரிலிருந்து டயாலிசிஸுக்கு வரும் முருகேசன் ஐயாவுக்கு மூச்சு இரைத்தது. அப்புறம் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு. அப்புறம் அக்காவே ஐசியூவுக்குப் போனார். மூவருக்கும் ஃப்ளூ. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த நிச்சயமின்மைதான் அக்காவை அரித்தது.

ஐசியூவில் என்னைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஐயா முந்தைய நாளே இறந்திருந்தார். அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் சொன்னார்:

"அக்கா வேணாம்னாங்கன்னு பொண்ணுங்ககிட்ட சொல்லாதம்மா. முன்ன ஒரு தடவை ஊசி போட்டு, காய்ச்சல்ல படுத்துட்டேன். அப்பலேர்ந்து பயம். பயந்துட்டாங்கன்னு சொல்லு."

அதன்பின் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் செருகினார்கள். அதுவே அவர் கடைசிப் பேச்சு.

அடக்கத்துக்கு முன் அதைப் பெண்களிடம் சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலர் அன்றே போட்டுக்கொண்டார்கள். போட்டிருந்தாலும் வந்திருக்குமே என்றார்கள் மற்றவர்கள். வந்திருக்கலாம்தான், இவ்வளவு தூரம் போயிருக்காது என்றே நான் இன்னமும் நினைக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் தூறிக்கொண்டிருந்தது. போதகர் ஜெபிக்கும்போது, சீருடையிலேயே வந்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"மதியம் டயாலிசிஸ்ல ஆளில்லக்கா," என்றாள்.

ஈர மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்கள். கர்த்தருக்குள் இளைப்பாறுங்கள், அக்கா.