பாடாங் பெசாரில் சொன்ன ‘போயிட்டு வரேன்’

எழுதத் தெரியாதவன் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். அதுவும் தாய் மொழியில். இப்படி எழுதினால் தமிழில் வேறு பொருள் வந்துவிடும் என்று தெரியும். தாய்லாந்து மொழியைத்தான் சொல்கிறேன். மலேசிய எல்லைக்குப் பக்கத்தில் ஹாட்யாய் என்ற நகரத்தில் பிறந்தேன். அங்கே அப்பா துணிக்கடை வைத்திருந்தார். தமிழ் எழுத்தை, சரக்கு சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களைக் காட்டி அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தாள் கிழிந்த இடத்தில் என் படிப்பும் நின்றுவிடும். தமிழ்நாட்டில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும், என்னைப் போல ஒரு பாஸ்போர்ட் முத்திரையின் தயவில் மலேசியாவில் காலம் தள்ளுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான்கு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் ஒரு சொல் இன்னும் எனக்குப் பழகவில்லை. என் மனைவி சரோஜாவின் தம்பி கணேசன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறான். காலையில் எங்கள் வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, “ஜாலான் டுலுலா மச்சான்” என்பான். முதலில் நடக்கிறேன் என்று அர்த்தம். சில நாள் தமிழிலேயே, இந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ‘லா’ ஒட்டி, “போறேன்லா” என்பான். போனவன் திரும்புவானா மாட்டானா என்பதைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. அப்பா கேட்டிருந்தால் அவனை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். முடி வெட்டிக்கொள்ளப் போவதானாலும் “போயிட்டு வரேன்” என்றுதான் நாங்கள் சொல்ல வேண்டும். மறந்துபோய் “போறேன்” என்றால், திரும்ப வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி சரியாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தாய்க்காரர்களும் சீனர்களும் நிறைந்த தெருவில் அப்பா எங்களிடம் விடாப்பிடியாகக் காப்பாற்றிய தமிழ் வழக்கம் அது. அந்தச் சொல்தான் பாடாங் பெசார் எல்லையில் என்னை மாட்டிவிட்டது.

நான் கிள்ளானுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறை வந்தால் மலேசியாக்காரர்கள் ஹாட்யாய்க்குக் கூட்டம் கூட்டமாகச் சாமான் வாங்க வருவார்கள். அப்படித்தான் சரோஜாவும் தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுடன் எங்கள் கடைக்கு வந்தாள். போர்வைக்கு மலாயில் விலை பேசினாள். நான் இறங்கவில்லை. உடனே பக்கத்திலிருந்தவளிடம் தமிழில், “மூஞ்சியப் பாத்தா நம்மாளு மாதிரி இருக்கு. வெலையக் கேட்டா அப்படித் தெரியல” என்றாள். “நம்மாளுதாங்க” என்றேன். அவள் போர்வையை வைத்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு தாய்க்காரர் வந்து என்னைக் “கேக்” என்று கூப்பிட்டார். “ஒங்க பேரு கேக்கா? ஐசிங் போட்டதா, போடாததா?” என்று கேட்டாள். தாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள். இந்தியச் சாயல் உள்ளவர்களையும் அதே சொல்லால்தான் அழைப்பார்கள். வசையாக அல்ல, வழக்கமாக. அந்த ஊரிலேயே பிறந்து, சோமு என்ற பெயரைப் பள்ளியில் சோம்சாய் என்று மாற்றி எழுதி, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் வைத்திருந்தேன். ஆனாலும் தெருவில் நான் விருந்தாளிதான். அன்றைக்கு அதைச் சொன்னபோது இருவரும் சிரித்தோம்.

அப்பா போன பிறகு கடை அண்ணன் கைக்குப் போனது. ஒரு குடும்பத்துக்குத்தான் அதில் சோறு இருந்தது. சரோஜாவுக்குக் கிள்ளான் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங்கில் நிரந்தர வேலை. ஆகவே கல்யாணம் ஆனதும் நான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தாய்லாந்துக்காரன் மலேசியாவுக்கு வர விசா வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். பாஸ்போர்ட்டை நீட்டினால் முத்திரை குத்துவார்கள். ஒரு மாதம் இருக்கலாம். முத்திரையில் ‘லாவாத்தான்’ என்று இருக்கும். பார்க்க வருவது என்று பொருள். பார்க்க வந்தவன் வேலை செய்யக் கூடாது. மாதம் முடிவதற்குள் வெளியேற வேண்டும். பிறகு மறுபடி வரலாம். வரவிடுவது அந்த நேரத்தில் முகப்பில் உட்கார்ந்திருப்பவரின் விருப்பம். “என் லோரிக்கே பெர்மிட்டு வேணும். நீங்க பெர்மிட்டு இல்லாமயே ஓடற வண்டிலா மச்சான்” என்று கணேசன் கேலி செய்வான். கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்துக்குப் போய் நிரந்தரமாக இருக்க வழி உண்டா என்று கேட்டோம். அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா நல்ல மனிதர். எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “ஆம்பள இந்த ஊரு, பொம்பள வெளியூருன்னா வழி இருக்குண்ணே. ஒங்களுது தலைகீழா இருக்கு. ரூல்ஸ்ல எடமில்ல.” திரும்பும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை போட்டார்கள். சரோஜா சாப்பிடாமல் இலையை மடித்தாள்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வந்து ஹாரன் அடிக்கும். சரோஜா போன பிறகு துவைப்பேன், சமைப்பேன், தரையைத் துடைப்பேன். பிறகு துடைத்த தரை காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூரமாகப் போனால் யாராவது நிறுத்திக் கேட்பார்களோ என்ற பயத்தில் பாசார் என்கிற சந்தைக்கும் கோவிலுக்கும் தவிர வெளியே போவதில்லை. ஹாட்யாயில் கடையைத் திறந்ததிலிருந்து மூடும் வரை நின்றுகொண்டே இருந்தவன் நான். இங்கே உட்கார்ந்தே கால் வீங்கியது. எதிர் வீட்டு லெட்சுமி அக்கா கதவைத் திறக்கும்போதெல்லாம், “என்ன சோமு, இன்னைக்கும் லீவா?” என்பார். குத்திக்காட்டச் சொல்வாரா, பேச்சுக்குச் சொல்வாரா என்று தெரியாது. நானும் “ஆமாங்கக்கா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாதம் முடியப்போகிறது என்றால் ரயிலேறி வடக்கே பாடாங் பெசாருக்குப் போவேன். அதுதான் எல்லை. அங்கே இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே ரயில் நிலையத்தில், ஒரே நடைமேடையில் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது எதற்கு வருகிறாய் என்று கேட்டால், ‘மாக்கான் ஆங்கின்’ என்று சொல்லக் கணேசன் கற்றுக்கொடுத்திருந்தான். உல்லாசப் பயணம் என்று அர்த்தமாம். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் காற்றைத் தின்பது. நாம் காற்று வாங்கப் போகிறோம், அவர்கள் காற்றைத் தின்னப் போகிறார்கள். சுவரைப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டுக்கு, மாதாமாதம் காற்றுத் தின்ன வந்தேன் என்று சொல்லி வந்துகொண்டிருந்தேன்.

சரோஜா கர்ப்பமானாள். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன வாரமும் என் முத்திரை முடியும் வாரமும் ஒன்றாகவே வந்தன. முன்னாலேயே போய்த் திரும்பிவிட்டால் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கலாம் என்று முடிவு செய்தோம். திரும்ப விடாவிட்டால் என்ன செய்வது என்று இருவருமே பேசவில்லை. கிளம்பும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “போயிட்டு வரேன்” என்றேன். “வாங்க” என்றாள். 

பாடாங் பெசாரில் மலேசியப் பக்கத்து முகப்பில் வயதான ஓர் அதிகாரி இருந்தார். மரியாதையான முகம். முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டைத் தந்தார். வாங்கிக்கொண்டு சும்மா நகர்ந்திருக்கலாம். பெரியவர் ஒருவரிடமிருந்து விடைபெறும்போது அப்படி நகர எனக்குப் பழக்கம் இல்லை. நாக்கு அப்பாவின் சொல்லை எடுத்து, தானாகவே மலாயில் மாற்றியது. “பெர்கி டுலு எஞ்சிக். நந்தி டத்தாங் லாகி.” போகிறேன் ஐயா, அப்புறம் மறுபடி வருவேன். அவர் கை நீட்டிப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கினார். “மறுபடியா? எப்போது?” என்று மலாயில் கேட்டார். எனக்குப் பொய் உடனே வராது. “லூசா” என்றேன். நாளை மறுநாள். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். எல்லாப் பக்கத்திலும் போனதும் வந்ததும் இருந்தன. “மாதாமாதம் மாக்கான் ஆங்கின். உனக்கு எவ்வளவு காற்றுதான் வேண்டும்?” என்று கேட்டார். பக்கத்து முகப்பில் இருந்தவரைக் கூப்பிட்டு என் முகத்தைக் காட்டினார். “அடுத்த முறை காற்றைச் சொல்லாதே. காரணத்தைச் சொல்” என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

சில அடி தள்ளித் தாய்லாந்து முகப்பு. அங்கே வரிசையை ஒழுங்குபடுத்திய இளைஞர் என்னைப் பார்த்ததும், “கேக் அந்தப் பக்கம்” என்று வெளிநாட்டுக்காரர்களின் வரிசையைக் காட்டினார். ஹாட்யாய்ப் பேச்சில் பதில் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். 

அண்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். “உண்மையச் சொன்னா, இங்கதான் குடியிருக்கேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். காத்தையே சொல்லு, வேற ஆளு உக்காந்திருப்பான்” என்றார் அண்ணன். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. பொய் சொன்னால் பொய்க்காரன். உண்மை சொன்னால் பார்க்க வந்தவன் இல்லை, வேறு என்னவாக இருக்கவும் ரூல்ஸில் இடமில்லை. கடையில் கிள்ளான் பக்கத்து ஆட்கள் போர்வை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நினைத்த நேரத்தில் என் வீட்டுத் தெருவுக்குத் திரும்பிவிடலாம். அவர்களுக்கு நான் மூட்டை கட்டிக் கொடுத்தேன்.

திரும்பும் நாளில் ரயிலில் ஒரே ஒரு சொல்லைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். பெர்சாலின். பிள்ளை பெறுவது. உண்மையையே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். வேறு ஆள் உட்கார்ந்திருக்கவில்லை, அதே பெரியவர்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார். “காரணம்?” என்றார்.  “இஸ்த்ரி சாயா பெர்சாலா” என்றேன்.

பெர்சாலா என்றால் குற்றவாளி. என் மனைவி குற்றவாளி என்று சொல்லியிருக்கிறேன்.

“என்ன குற்றம் செய்தாள்?” என்று கேட்டார் அதிகாரி. அவர் முகம் இறுகியது. சொல்லை மாற்றத் தெரியாமல் இரண்டு கையாலும் வயிற்றின் முன்னால் பெரிதாக வளைத்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் போர்வை மூட்டையோடு நின்ற மலேசியத் தமிழ் அம்மாள் முன்னால் வந்துவிட்டார். “பெர்சாலின்லா எஞ்சிக், பெர்சாலின். பினி டியா மாவ் பெரானாக்” என்று, என் பெண்டாட்டி பிள்ளை பெறப்போவதை அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், “நல்ல மனுசன்யா நீ. புள்ளத்தாச்சியப் புடிச்சு ஜெயில்ல போட்டுருப்பியே” என்றார். வரிசையில் பலர் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. “அப்படியானால் உன் வீடு இங்கேதான்” என்றார்.  தலையைக் குனிந்துகொண்டேன்.  அவர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். “பெறுகிறவள் மனைவி, காற்றுத் தின்கிறவன் புருஷன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குத்தினார். பேனாவால் ஏதோ எழுதினார். ஒரு மாதம் இல்லை, இரண்டு வாரம். “பிள்ளையைப் பார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போ” என்றார். நன்றி சொன்னேன். அடுத்த சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு நகர்ந்தேன்.

ரயில் கிளம்ப நேரம் இருந்தது. நடைமேடையில் நின்றேன். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் என்னை விருந்தாளி என்று அழைக்கும் என் நாடு, மறுபக்கம் என் வீடு இருக்கும் நாடு. அங்கேயும் நான் பார்க்க வந்தவன். இரண்டு முகப்புகளுக்கும் நடுவே இருந்த சிமென்ட் தரையில் நல்ல காற்று அடித்தது. சட்டை உப்பியது. இத்தனை மாதங்களாகச் சொல்லி வந்த காற்று அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கிள்ளானில் கதவைத் திறந்த சரோஜா, “வந்துட்டீங்களா” என்று கேட்கவில்லை. “எத்தன நாளு குடுத்தான்?” என்றுதான் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு வலி எடுத்தது. கணேசன் வேலைக்குப் போகாமல் டாக்சி பிடித்து வந்தான். மத்தியானம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சாயந்தரம் என்னை உள்ளே விட்டார்கள். குழந்தையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. தாதி வந்து, “வக்து மெலாவாட் ஹாபிஸ்” என்றார். பார்க்க வந்தவர்களின் நேரம் முடிந்தது. மகளின் காதில் “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.