நீலமாகாத கலங்கள்

யுத்த காலத்தில் நான் மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். அப்பா வாவிக்கு அப்பால், வவுணதீவில் வயல் செய்தார். பூச்சிமருந்து அடிக்கிற நாட்களில் அவருக்குத் தலைசுற்றும், வாந்தி வரும். "வெயில் புள்ள" என்பார். மருந்தைக் கலக்குவது வெறுங்கையால்.

அந்த மருந்து ஈரலை என்ன செய்யும் என்று பார்க்க நானும் கூட வேலை செய்த தோழியும் முடிவெடுத்தோம். எலியின் ஈரலிலிருந்து கலங்களை, அந்த நுண்ணிய உயிரணுக்களை, பிரித்து, ஊட்டத் திரவம் ஊற்றிய சின்னத் தட்டுகளில் வைத்தோம். அவற்றுக்கு உடம்புச் சூடு வேண்டும். மின்சாரமோ நினைத்த நேரம் போய்விடும். தட்டுகளைக் கண்ணாடிச் சாடிக்குள் வைத்து, உள்ளே மெழுகுதிரி கொளுத்தி இறுக்கி மூடினோம். திரி தானாக அணைந்ததும் மிஞ்சிய, கரியமிலவாயு கூடிய காற்று கலங்களுக்குத் தோதாக இருந்தது. சாடியைச் சுற்றிச் சுடுதண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி, ஆறஆற மாற்றினோம். உடம்பை விட்டு வந்த கலங்கள் தட்டில் ஒட்டி, பக்கத்துக் கலத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்துகொண்டன. நாங்கள் இருவரும் நுணுக்குக்காட்டியில் மாறிமாறிப் பார்த்தோம்.

பாதித் தட்டுகளில் அப்பா அடிக்கும் மருந்தில் ஒவ்வொரு சொட்டு விட்டோம். அதைப் பட்டணத்துக் கடையில்தான் வாங்கினேன். வவுணதீவிலிருந்து கொண்டுவந்தால் இராணுவச் சோதனைச் சாவடியில் மருந்துப் போத்தலோடு விடமாட்டார்கள்.

மறுநாள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மருந்து படாத கலங்களில் நீலச் சாயம் விட்டு முதலில் காட்டினேன்.

"இதுக்கு உயிர் இருக்கா?"

"ஓம் அப்பா. உயிருள்ள கலம் நீலச் சாயத்த உள்ளுக்கு விடாது."

அடுத்ததைக் காட்டினேன்.

"எல்லாம் நீலமாக் கிடக்கே!"

"அது உங்கட மருந்து பட்டது."

அப்பா நிமிர்ந்து, வலது விலாவில் கையை வைத்தார். "எண்ட உள்ளுக்கும் இப்பிடித்தானா இருக்கு?"

"ஓம். உயிரோட, கோடிக்கணக்கில."

"நான் ஒண்டும் சொல்லாமலே வேலை செய்யுதுகள், என்ன?" என்று மறுபடியும் குனிந்து பார்த்தார். தட்டில் படுகிற அளவு மருந்து உடம்புக்குள் ஈரல்வரை போகாது என்று விளக்கினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் போகம் அவர் தடியால் மருந்து கலக்கினார். நீளக்கைச் சட்டை போட்டு, முகத்தில் துணி கட்டி அடித்தார். வாந்தி நின்றது. அடுத்த தடவை வந்தபோது முதல் கேள்வியே, "மருந்து படாத அந்தக் கலங்கள் எத்தின நாள் உயிரோட இருந்திச்சு?" என்பதுதான்.

"ஆறு நாள்" என்றேன்.

"உடம்ப விட்டு வந்தும் ஆறு நாளா!" என்று அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.