விரிசலுக்குக் கீழே இருந்தவர்

கொழுந்து எடுக்கிற நேரத்தில் மலையை விட்டு யாரும் இறங்கமாட்டார்கள். இறங்கினால் அரைப் பேர்தான் விழும், அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால், முற்பகலில் முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் லெட்சுமி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதும் நான் சோக்கைக் கீழே வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"சார் போயிட்டாங்க டீச்சர்" என்றாள்.

தேத்தண்ணி கொண்டுபோன கடைக்காரர் சாரின் அறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளித் திறந்திருக்கிறார். நாற்காலியில் இருந்தபடியே உயிர் போயிருந்தது.

பரமலிங்கம் சாரை உங்களில் பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரைக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராகலைப் பக்கத்து எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புவியியல் படிப்பிக்க வந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற ஆசிரியர்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே இடமாற்றத்துக்கு எழுதிப்போடுவார்கள் என்று நாங்கள் கேலி பேசுவோம். நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், வாய் கொஞ்சம் நீளம். அவரிடம் நேராகவே கேட்டேன், எப்போது கிளம்புகிறீர்கள் என்று. "மலையைப் பாக்க வந்தனான் தங்கச்சி. இன்னும் பாத்து முடியேல்லை" என்றார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் பார்த்து முடிக்கவில்லை.

எங்கள் வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. என் கணக்குப் பிள்ளைகள் பாதிப் பேர் அவருடைய பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள், உண்மையைச் சொன்னால் நானும்தான். பூமியின் மேலோடு ஒரே ஓடு அல்ல, பல தட்டுகள், அவை நகம் வளர்கிற வேகத்தில் நகர்கின்றன என்று அவர் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் விரல்களைப் பார்ப்பார்கள். சுமாத்திராப் பக்கம் ஒரு சிவப்புக் கோடு போடுவார். தட்டுகள் மோதுகிற இடம் அது. இந்தப் பக்கம் இலங்கையைச் சின்னதாக வரைவார். இரண்டுக்கும் இடையே நீலச் சோக்கைப் படுக்கையாகப் பிடித்துக் கடலைத் தீட்டுவார். அந்த நீலச் சோக்கை நுவரெலியாவில் தன் கைக்காசில் வாங்கி வருவார். "சண்டை அங்கை. நாங்கள் தட்டின்ரை நடுவிலை இருக்கிறம், பயப்பிடாதேங்கோ" என்று முடிப்பார். எத்தனை வருடம் கேட்டேன் அதை. நான்கூட அந்தக் கடலை அழகுக்குத்தான் தீட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

அவர் பயந்தது மலைக்கு. லயத்துக்கு மேலே தேயிலைக்கு நடுவே, மலையைக் குறுக்காக அறுத்ததுபோல் ஒரு விரிசல் ஓடியது. முதலில் கை நுழையும் அளவு. அதற்கு நேர் கீழே, லயத்தின் ஒற்றை அறை வீடுகளில் கடைசியான காம்பராவில் லெட்சுமியும் அவள் புருஷன் பெருமாளும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கதவு மழைக்காலம் வந்தால் சாத்தாது. பெருமாள் ஒவ்வொரு வருடமும் கதவை இழைத்து இழைத்துச் சரிப்படுத்துவார். மரம் ஊறிவிட்டது என்று சொல்லிக்கொள்வார். ஊறின மரம் வெயிலில் காய்ந்தால் சரியாகிவிட வேண்டுமே, சுவரே அல்லவா சாய்கிறது என்று சார்தான் கண்டுபிடித்தார். மலையிலிருந்து பீலியில் வடிகிற தண்ணீரும் கலங்கி வந்தது. சார் விரிசலின் இரண்டு பக்கமும் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கட்டைகளை முளையாக அடித்து, ஒரு கயிற்றால் அளந்து, அளந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். மழை விட்ட மறுநாள் போவார். முடிச்சுகள் கூடிக்கொண்டே போயின.

"முந்திப் பத்து நாளிலை பெய்த மழை இப்ப ஒரு நாளிலை கொட்டுது. எங்கையோ எரிக்கிற புகையாலை கடல் சூடாகுது, அது மேகமாகி எங்கடை லயத்துக்கு மேலை விழுகுது. கணக்கு டீச்சருக்கு இது விளங்க வேணும்" என்பார். எனக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? கடுதாசிகள் எழுதினோம். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், ஆபத்துதான், எழும்பிப் போங்கள் என்றார்கள். எங்கே என்று பெருமாள் கேட்டதற்கு, அது வேறு பிரிவின் வேலை என்று ஜீப்பில் ஏறினார்கள்.

போர் நின்ற சமாதான காலத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்தது. சாரின் தங்கை வெளிநாட்டில், அவளுடைய வீடு ஊரில் பூட்டிக் கிடந்தது. சாருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெருமாளும் லெட்சுமியும் அங்கே போய் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், தோட்டம் செய்யட்டும். "என்ரை ஊர் மட்டமான தரை. அங்கை சரிய ஒண்டுமில்லை" என்றார். பெருமாளுக்கு யாழ்ப்பாணப் பேச்சும் பிடிபடவில்லை, மலையில்லாத ஊரும் பிடிபடவில்லை. அவரைச் சம்மதிக்க வைத்தவள் நான். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, "போங்கண்ணே, சார் படிச்சவங்க, தெரியாமயா சொல்றாங்க" என்று நான்தான் சொன்னேன். லெட்சுமி மட்டும் கெட்டிக்காரத்தனமாகக் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவிடம் கெஞ்சி, லீவு என்று எழுதவைத்து, தோட்டப் பதிவில் தன் பேரை வெட்டாமல் வைத்துவிட்டுப் போனாள். பேர் இருந்தால்தான் காம்பரா இருக்கும்.

அந்த டிசம்பர் விடுமுறைக்குச் சாரும் ஊருக்குப் போயிருக்க வேண்டும். வாடைக் காற்று மழை அடித்ததால், விரிசலைப் பார்க்க வேண்டும் என்று நின்றுவிட்டார். கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் அவரும் கடை வாசலில் வானொலிக்குப் பக்கத்தில் நின்றோம். சுமாத்திரா என்ற பெயரைக் கேட்டதும் அவருடைய கை மேசையைத் தேடியது. 

கடலோரத்து அந்த வீட்டில் இருந்த பெருமாள் அலையோடு போய்விட்டார். கரையிலிருந்து தள்ளி இருந்த சந்தைக்குப் போயிருந்த லெட்சுமி தப்பினாள். ஒரு மாதம் கழித்து ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் பேர் இன்னும் பதிவில் இருந்தது. காம்பராவும் இருந்தது. விரிசலுக்குக் கீழே அதே கடைசிக் காம்பரா.

சார் அவளிடம் போய், லயத்து ஆட்கள் எல்லாரும் கேட்க, "நான்தான் அனுப்பினனான்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் பங்கை நான் சொல்லவில்லை. அவரும் என் பேரை எடுக்கவில்லை, சாகும்வரை எடுக்கவில்லை. இதை எழுதுவதே அந்தப் பங்கைச் சொல்லத்தான்.

பிறகு அவர் நீலச் சோக் வாங்கவில்லை. படம் வரையும்போது கடலின் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். பாடம் முடிவில் பயப்பட வேண்டாம் என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் லயத்து ஆட்கள் வழக்கம்போல் கேட்பார்கள்: "சார், இருக்கவா, போகவா?" முன்பென்றால் அரை மணி நேரம் விளக்குவார். இப்போது ஒரே பதில்: "எனக்குத் தெரியாது பிள்ளையள்." சொல்லிவிட்டுக் குடையை மடக்கி, கடைசிக் காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். மழை விடும்வரை எழுந்திருக்கமாட்டார். லெட்சுமி தேத்தண்ணி கொடுப்பாள்.  இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். "போ எண்டு சொல்ல எனக்கு வாயில்லை. இருங்கோ எண்டு சொல்லிப்போட்டு நான் மட்டும் எழும்பிப் போகவோ?" என்றார்.

போர் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணப் பாதை மறுபடியும் மூடிவிட்டதால் அவரை ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. லயத்து ஆட்கள்தான் தூக்கினார்கள். தோட்டத்துச் சுடலையில் எரித்தோம். அவருடைய அறையில் புத்தகங்கள், ஒரு குடை, ஆணியில் தொங்கிய அந்தக் கயிறு. கயிற்றை நான் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கயிற்றோடு ஏறினேன். முளைக்கு முளை பிடித்தேன். அவருடைய கடைசி முடிச்சு எட்டவில்லை. ஒரு சாண் தள்ளிப் புது முடிச்சுப் போட்டேன். இறங்கும்போது மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. லெட்சுமி வாசலில் நின்றாள். கதவு சாத்தவில்லை, இழைத்துக் கொடுக்க ஆளும் இல்லை.

"சார் இருந்தா கேப்பேன். நீங்க சொல்லுங்க டீச்சர், இருக்கவா, போகவா?"

தெரியாது என்றேன். அவர் சொன்ன அதே சொல், என் வாயில் அது வெறும் சொல்லாகத்தான் வந்தது. அவர் உட்கார்ந்த படியில் உட்கார்ந்தேன். தேத்தண்ணி தந்தாள். மேலே எங்கோ ஒரு கல் உருண்ட சத்தம் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பஸ் போயிரும் டீச்சர், கெளம்புங்க" என்றாள்.

மழை விடவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கயிறு மட்டும்தான்.