சம்பளக் கணக்கில் விட்டுவைத்த ஆறாயிரம்

ஓசூரில் வேலை பார்த்தபோது, சம்பளத்துக்காக ஒரு வங்கியில் கணக்கு தொடங்கினேன். "பணமே இல்லாட்டியும் ஒண்ணும் புடிக்க மாட்டோமுங்க" என்றார் அங்கிருந்த பெண். அதை நம்பி, வேலையை விட்டு நல்லம்பள்ளிக்குத் திரும்பியபோது மகளின் கல்லூரிச் செலவுக்கென ஆறாயிரம் ரூபாயை அதிலேயே விட்டுவைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து எடுக்கப் போனால் பதினோரு ரூபாய்தான் இருந்தது.

"சம்பளம் வராததால சாதாரணக் கணக்கா மாறிடுச்சுங்க. மினிமம் பேலன்ஸ் பத்தாயிரம் இல்லன்னு மாசாமாசம் புடிச்சிருக்கு" என்றார் அதே பெண்.

"அன்னிக்கு இதச் சொல்லலியேங்க?"

"மெசேஜ் வந்திருக்குமே" என்றார், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். மெசேஜ் எல்லாம் என் பழைய நம்பருக்குப் போயிருக்கிறது. பஸ்ஸில் யாராவது திருடியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கம்மலை அடகு வைத்துத்தான் மகளைச் சேர்த்தேன். அந்தக் கணக்கை அன்றே எழுதிக்கொடுத்து மூடிவிட்டேன். இப்போது வேலையை விட்டு ஊர் திரும்பும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "பேங்க் கணக்க மூடிட்டு வந்தியா?" என்பதுதான்.

- ஒரு வாசகி, நல்லம்பள்ளி