தலையணைப் பள்ளம்

படம் வரையும் ஏஐயை அம்மா "மாப்பிள்ளை" என்றுதான் சொல்வாள். மரியாதையாகக் கேட்டால்தான் செய்வாராம். செய்தாலும், கேட்டதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் செய்வாராம்.

"எனக்கே கல்யாணம் ஆகல, உனக்கு எங்கேருந்தும்மா மாப்பிள்ளை?" என்று கேட்டாள் மகள்.

"நீ கொண்டு வர்ற மாதிரி தெரியல. அதான் நானே டவுன்லோடு பண்ணிட்டேன்."

கடைகளுக்கு விளம்பரம் வடிவமைப்பது அம்மாவின் தொழில். எழுத்தை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கணினி வந்தபோது முனகிக்கொண்டே கற்றாள். வேண்டியதை எழுதினால் படமாகத் தரும் ஏஐ வந்தபோது முனகக்கூட இல்லை. சோப்பு, செருப்பு, பல் ஆஸ்பத்திரி என்று மாப்பிள்ளை வரைந்து தள்ளுவார். அம்மா அதில் ஒன்றை எடுத்து, நிறத்தைத் தணித்து, கையில் தப்பாக முளைத்த ஆறாவது விரலை அழித்து, எழுத்தைப் பொருத்தி அனுப்புவாள்.

அதற்கு முன், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னலோரப் படுக்கையில் கண்ணை மூடிக் கிடப்பாள். திரைச்சீலை உப்பி உப்பி அடங்கும். வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கும்.

"தூங்குறியா?" என்று அப்பா எட்டிப் பார்ப்பார்.

"வேலை பாத்துட்டிருக்கேன்."

பொய்யில்லை. எழுந்து வரும்போது விளம்பரம் அவள் தலைக்குள் முடிந்திருக்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் முடியவில்லை. மெத்தைக் கடைக்காரர் புதுக் கிளைக்குப் பெரிய விளம்பரப் பலகை கேட்டிருந்தார். காலை வெயில், காலிக் கட்டில், கீழே "இன்னும் கொஞ்ச நேரம்" என்ற வரி. எல்லாம் அமைந்துவிட்டது, தலையணையைத் தவிர.

"இதுல யாருமே படுத்ததில்ல. பாரு, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உப்பிக்கிட்டு உக்காந்திருக்கு," என்று மகளிடம் காட்டினாள் அம்மா.

மறுநாள் மதியம் அம்மா படுக்கையிலிருந்து எழுந்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் படுக்கை அவள் விட்டுப் போனபடியே இருந்தது. தலையணையில் ஒரு பள்ளம், இடது காது இருந்த இடத்தில் ஒரு மடிப்பு. அப்பா கூடத்து சோபாவுக்கு மாறிக்கொண்டார். அதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் தொடவில்லை.

மெத்தைக் கடைக்காரர் போன் செய்தார். "அவசரமே இல்லம்மா." கொஞ்சம் பொறுத்து, "கடை மட்டும் அடுத்த வாரம் திறக்குது."

மகள் மென்பொருள் படித்தவள். அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையிடம் பள்ளம் கேட்டாள், கிண்ணம் வந்தது. தலை பதிந்த தடம் கேட்டாள், தலையே வந்தது. காரணம் அவளுக்குப் புரிந்தது. மாப்பிள்ளை பார்த்துப் படித்ததெல்லாம் கடைப் படங்களாக இருக்கும். கடையில் யார் தூங்குகிறார்கள்?

கேமராவை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

"என்ன பண்ற?" அப்பா வாசலில் நின்றார்.

"அம்மா வேலை ஒண்ணு பாக்கி இருக்குப்பா."

"தொடாத."

"தொடல."

படத்தை ஏற்றி, இந்தத் தலையணையை அந்தக் கட்டிலில் வை என்று எழுதினாள். வைத்தது. கூடவே பள்ளத்தை நிரவி, மடிப்பை நீவி, புதிது போல ஆக்கிவிட்டது. எழுந்து அறைக்கு ஓடினாள். ஏஐ எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிந்தவள்தான், ஆனாலும் ஓடினாள்.

பள்ளம் இருந்தது. வெயில் அதில் தேங்கி நின்றது.

திரும்பி வந்து, தலையணையைச் சுற்றிக் கோடு போட்டு அந்தப் பகுதியைப் பூட்டினாள். பிறகு முதல் முறையாக அம்மாவைப் போலவே எழுதினாள்: "மாப்பிள்ளை, தலையணை மேல கை வைக்காதீங்க. சுத்தி இருக்கிறத மட்டும் பாருங்க."

கை வைக்கவில்லை.

"தலையணை கசங்கியிருக்கேம்மா," என்றார் கடைக்காரர். "பழசுன்னு நெனச்சுடப் போறாங்க."

"யாரோ இப்பத்தான் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போன மாதிரி இருக்கட்டும் சார்."

"அம்மா கேட்டதா?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும்."

பலகை ஏறிய அன்று அப்பாவும் மகளும் எதிர்ப்புறம் நின்று பார்த்தார்கள். பஸ்ஸை விடப் பெரிய தலையணை. கீழே வண்டிகள் சத்தமே இல்லாமல் போவது போல இருந்தது.

"அந்த மடிப்புகூட வந்திருக்கு," என்றார் அப்பா.

"ம்."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். மகள் பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்தபோது சோபா காலியாக இருந்தது. அறைக்குள் திரைச்சீலை உப்பி அடங்கியது. அப்பா ஜன்னலோரம் படுத்திருந்தார், அதே தலையணையில், அதே பள்ளத்தில் தலையை வைத்து.

"தூங்குறீங்களாப்பா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"வேலை பாத்துட்டிருக்கேன்," என்றார்.