பதினான்காம் வரியில் ஒரு தவறு

நெதர்லாந்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ஒருநாள் அரிசிம்பருப்புச் சாதம் செய்து எடுத்துப்போனேன். எங்கள் குழுத் தலைவர், யான் என்று பெயர், உள்ளூர்க்காரர், இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டார். "உப்பு குறைவு. கொஞ்சம் குழைந்தும் போய்விட்டது," என்றார். சொல்லிவிட்டு மூன்றாவது கரண்டியும் போட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்தில் விருந்தாளி உப்பில்லாத குழம்பையும் "பிரமாதமுங்க" என்று சொல்லித்தான் கை கழுவுவார். இந்த ஊரில் குறையை முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை; சொல்லாவிட்டால் உங்களை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. புரிந்ததே தவிர இன்னும் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசுவதோடு சரி. ஒருநாள் கடையில் வெங்காயம் பொறுக்கும்போது, "நீ நல்லால்லியே சாமி" என்று வெங்காயத்திடமே பேசிவிட்டேன். சிரிக்காதீர்கள், வந்து இருந்து பார்த்தால் தெரியும். அதனால்தான் வெப் டெவலப்பர் வேலைக்கு வந்த விண்ணப்பங்களில் ஓமலூர் என்ற எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பெயர் கோகிலா. வீடியோவில் நேர்முகம், கேள்வி கேட்க யானும் நானும்.

பிரவுசரில் முகவரியைத் தட்டினால் என்னென்ன நடக்கும், குக்கீ எதற்கு, பக்கம் மெதுவாகத் திறந்தால் முதலில் எங்கே பார்ப்பாய் என்று யான் அடுக்கிக்கொண்டே போனார். கோகிலா கடகடவென்று பதில் சொன்னாள். பிறகு அவர் ஒரு பதிவுப் படிவத்துக்கு எழுதிய கோடு ஒன்றை, அதாவது புரோகிராமை, திரையில் போட்டார். "இது நான் எழுதியது. எப்படி இருக்கிறது?" என்றார். பதினான்காம் வரியில் வேண்டுமென்றே ஒரு தவறு வைத்திருந்தார். பெயர்க் கட்டத்தில் யார் எதைத் தட்டினாலும் அந்த வரி சோதிக்காமல் அப்படியே வெப் பக்கத்தில் போட்டுவிடும், திருடனிடம் சாவியைக் கொடுத்த மாதிரி. கோகிலா பார்த்தாள். ஒரு கணம் கண் அந்த வரியில் நின்றது. "வெரி நைஸ் சார்," என்றாள்.

தொலைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். சேர்த்தாள். சேர்த்துக்கொண்டே மேலே போய்ப் பதினான்காம் வரியையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு வந்தாள். யான் குனிந்து காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று அவர் கேட்க, "நோ சார், எல்லாம் கரெக்ட்," என்றாள். அவருக்கு ஒரு போன் வந்து வெளியே போன இடைவெளியில் அவள் தமிழில் மெல்லக் கேட்டாள். "அக்கா, நீங்க எந்த ஊருங்க?"

"சேந்தமங்கலம் பக்கம்."

"அட! எங்க சித்தி ஊடு அங்கதானுங்க்கா! ஊருக்கு எப்ப வாரீங்க?"

ஊடு. வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நேர்முகம் முடிந்ததும் யான், "யம்மர்," என்றார். ஐயோ பாவம் என்பதற்கு இவர்கள் சொல்வது. "நிறையத் தெரிகிறது. தவறு கண்ணில் படவில்லையே." அவள் திருத்தியிருந்த வரியைக் காட்டினேன். அவர் முகம் இறுகியது. "பார்த்தும் சொல்லவில்லையா? அது இதைவிட மோசம். நாளைக்கு என் கோடில் எதை மாற்றினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயம்தான். ஆனால் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் போர்வெல் போடும் தன் ரிக் வண்டிக்கு டிரைவர் எடுப்பதென்றால் கேள்வியே கேட்க மாட்டார். ராசிபுரம் வரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை ஒரு டிரைவர் டீக்கடையில் நிறுத்தி, ஸ்பேனரோடு அடியில் போய் எதையோ முடுக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து ஏறிக்கொண்டார். "மொதலாளி வண்டிய கொறை சொல்லுல பாரு. இவருதான் நமக்கு ஆளு," என்று அப்பா அன்றைக்கே அவரைச் சேர்த்துக்கொண்டார். யானிடம் இதைச் சொல்லி, அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னொரு வாய்ப்பு கேட்பது அவளுக்காகவா, உனக்காகவா?" என்றார். இந்த ஊரில் இப்படித்தான் போட்டு உடைப்பார்கள். "ரெண்டு பேருக்கும்," என்றேன். சிரித்துவிட்டார். இன்னொரு சுற்று வைக்க ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, முன்கூட்டி நான் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வியாழக்கிழமை யான் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுதிய கோடு ஒன்றைத் திரையில் போட்டேன். வேண்டுமென்றே வைத்த நாலு தவறுகள். கோகிலாவின் முகம் மலர்ந்தது. "அக்கா கோடுல போயி நான் குத்தம் கண்டுபுடிக்கறதாங்க? சூப்பரா இருக்குதுங்க்கா!"

அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். அக்காவாக நான் உட்கார்ந்திருக்கும்வரை இந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள். குரலை மாற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். "நேர்முகத்தில் தமிழ் வேண்டாம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. இந்தக் கோடில் என்ன தப்பு என்று மட்டும் சொல்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு ஆங்கிலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, நாலு தவறையும் சொன்னாள். நான் வைக்காத ஐந்தாவது ஒன்றையும் சொன்னாள். யான் மேஜையைத் தட்டினார். அவளுக்கு வேலை கிடைத்தது.

இப்போது கோகிலா எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகத் தேறிவிட்டாள், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என் கோடில் குறை சொல்கிறாள், சொல்வது சரியாகவும் இருக்கிறது. காப்பி மெஷின் பக்கம் தனியாக மாட்டியபோது, "சாப்டியா சாமி?" என்று கேட்டுப் பார்த்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யெஸ், தேங்க் யூ," என்றாள், என் பெயரைச் சேர்த்து. அன்றைக்கு அப்படிப் பேசியது எதற்கென்று இரண்டு முறை விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த 'அக்கா' மட்டும் திரும்பி வரவில்லை.

போன ஞாயிறு அம்மா கேட்டாள். "அந்த ஓமலூர்ப் புள்ள வந்துருச்சா சாமி? இனிப் பேச்சுத்தொணைக்கு ஆளாச்சு."

"ஆமாம்மா," என்றேன். "எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கறோம்."